மாடித் தொட்டிக்கு ஒரு தாமரைப் பெட்டி: கிழங்கு நன்று, மற்றவை வேண்டாம்

மாடித்தோட்டம் வைத்திருப்பவர்களைக் குறிவைத்து இணையத்தில் விற்கப்படும் 'தாமரை வளர்ப்புப் பெட்டி' ஒன்றை வாங்கி, மதுரையில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் ஒரு பருவம் முழுவதும் வளர்த்துப் பார்த்த பின் இந்த மதிப்புரையை எழுதுகிறேன். தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பெட்டியில் வந்த கிழங்கு கொடுத்த பணத்துக்குத் தகும், அதனுடன் வந்த மண் கலவையும் உரமும் வழிகாட்டித் தாளும் அந்தக் கிழங்குக்கே எதிரானவை. விற்பனையாளரின் பெயரை நான் குறிப்பிடவில்லை. ஏறத்தாழ இதே பொருள்களை இதே விதமாக அடுக்கிப் பலரும் விற்கிறார்கள் என்பதால், ஒரு கடையைக் குறை சொல்வதைவிட, இத்தகைய பெட்டியில் எதை எடுத்துக்கொள்ளலாம், எதை ஒதுக்க வேண்டும் என்று சொல்வதே வாங்குபவர்களுக்குப் பயன்படும்.

பெட்டிக்குள் இருந்தவை இவை: ஈரப் பாசியில் சுற்றி, பிளாஸ்டிக் உறையில் இட்ட ஒரு தாமரைக் கிழங்கு, இரண்டு கிலோ எடையுள்ள, 'நீர்த்தாவர மண்' என்று அச்சிட்ட கலவை, பத்து உர மாத்திரைகள், வாய் அகன்ற கறுப்பு நிற பிளாஸ்டிக் தொட்டி, இரு பக்கமும் அச்சிட்ட ஒரு தாள், 'இலவசம்' என்று எழுதிய ஒரு விதைப் பொட்டலம். அட்டைப்பெட்டியின் மேல் இளஞ்சிவப்புப் பூவின் படம் பெரிதாக இருந்தது.

கிழங்கைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும், ஏனெனில் இந்தப் பெட்டியில் பூவுக்கு நம்பக்கூடிய பொருள் அது ஒன்றுதான். தாமரைக் கிழங்கு உருளைக்கிழங்கைப் போல உடல் முழுவதும் உள்ள கண்களிலிருந்து முளைவிடும் கிழங்கு அன்று; சேற்றுக்குள் படுக்கையாக ஓடும் தண்டு, பருவ இறுதியில் உணவைச் சேமித்துப் பருத்துக் கணுக்கணுவாக நிற்பதே அது. அந்தக் கணுக்களின் நுனியில், மெல்லிய உறைக்குள் கூர்மையாக நீட்டிக்கொண்டிருக்கும் முளையை நம்பித்தான் செடியின் அடுத்த வளர்ச்சி முழுவதும் இருக்கிறது. நுனி முளை ஒடிந்து, பக்க முளையும் இல்லாத கிழங்கு எவ்வளவு பருமனாக இருந்தாலும், தொட்டிக்குள் சில வாரம் கிடந்து அழுகிப்போகும். எனக்கு வந்த கிழங்கில் மூன்று கணுக்கள் இருந்தன. நுனி முளை மங்கிய மஞ்சளும் இளஞ்சிவப்பும் கலந்த நிறத்தில், கீறல் இல்லாமல் இருந்தது. இரண்டாவது கணுவிலும் ஒரு சிறு முளை எட்டிப் பார்த்தது. விரலால் அழுத்தினால் கிழங்கு அமுங்கவில்லை, புளித்த வாடையும் இல்லை. நுனியைத் தனியாகப் பஞ்சில் பொதிந்து, அட்டைத் துண்டு ஒன்றை அணையாக வைத்துக் கட்டியிருந்தார்கள். கூரியரில் தூக்கி எறியப்படும் பொதிகளின் கதியை அறிந்த யாரோ ஒருவர் அதைப் பொதிந்திருக்கிறார் என்பது தெரிந்தது. இந்தப் பகுதிக்கு ஐந்துக்கு நாலரை மதிப்பெண் கொடுக்கத் தயங்க மாட்டேன்.

மண் கலவைக்கு அப்படிக் கொடுக்க முடியாது. பொட்டலத்தைப் பிரித்தவுடனேயே தென்னை நார்க்கழிவின் செம்பழுப்பு நிறமும், மண்புழு உரத்தின் வாசமும், இடையிடையே வெள்ளை வெள்ளையாகப் பெர்லைட் எனும் எடை குறைந்த கல்பொரி உருண்டைகளும் தெரிந்தன. ரோஜாவுக்கோ கத்திரிக்கோ இது நல்ல கலவையாக இருக்கலாம். ஆனால் தண்ணீருக்கு அடியில் வைக்கப்படும் செடிக்கு, தண்ணீரில் மிதக்கும் பொருள்களைக் கொண்டு மண் தயாரித்திருப்பதை என்னவென்று சொல்வது? ஒரு கைப்பிடியை வாளியில் போட்டுத் தண்ணீர் ஊற்றினேன். பெர்லைட் முழுவதும் மேலே வந்து படலமாக நின்றது, நார்க்கழிவு பாதி மிதந்து பாதி ஊறியது. மிதப்பதுகூடப் பெரிய சிக்கல் இல்லை. நீருக்குள் காற்று புகாத இடத்தில் மட்கு உரம் அதிகமாக இருந்தால் அது தொடர்ந்து நொதித்து, கறுத்து, அழுகிய முட்டை வாடையுள்ள வாயுவை வெளிவிடும். வேர் இன்னும் பிடிக்காத கிழங்கு அந்தச் சூட்டிலும் வாயுவிலும் கெட்டுப்போகும்.

தாமரைக்கு வேண்டியது ஒட்டும் தன்மையுள்ள கனமான மண். எங்கள் பக்கத்தில் கண்மாய் வற்றும்போது எடுக்கும் கரம்பை மண் இதற்கு நன்கு பொருந்தும். அது கிடைக்காத ஊர்களில் களிப்பான வயல் மண்ணுடன் கொஞ்சம் செம்மண் சேர்த்துக்கொள்ளலாம். நன்றாக மட்கிய பழைய தொழுவுரம் கிடைத்தால், அதைத் தொட்டியின் அடியில் ஓர் அங்குல உயரத்துக்கு மட்டும் பரப்பி, அதன் மேல் ஆறு அங்குலத்துக்குக் குறையாமல் களிமண்ணைக் குழைத்து நிரப்புவது நடைமுறையில் நன்றாக ஒத்துவருகிறது. கிழங்கை அந்தச் சேற்றின் மேல் படுக்கையாக வைத்து, முளை மட்டும் சற்று மேல்நோக்கி வெளியே தெரியும்படி, உடலை மெல்லிய சேற்றால் மூடினால் போதும். ஆழப் புதைக்கச் சொல்லும் வழிகாட்டித் தாளை நான் பின்பற்றவில்லை.

தொட்டியைப் பற்றி ஒரு நல்ல சொல்லும் ஒரு குறையும் உண்டு. வட்ட வடிவத்தைத் தேர்ந்தெடுத்தது சரி. தாமரையின் ஓடுதண்டு தொட்டியின் சுவரை முட்டியதும் சுவரை ஒட்டியே வளைந்து சுற்றி ஓடும். சதுரத் தொட்டியில் அது மூலையில் போய் மாட்டிக்கொண்டு நுனி நசுங்கும். ஆனால் இந்தத் தொட்டியின் அடியில் வடிகால் துளை ஒன்று இருந்தது, அதை ஒரு ரப்பர் அடைப்பானால் மூடியிருந்தார்கள். அடைப்பானைச் சுற்றி நீர் கசிந்தது. எம்-சீல் பசை வைத்து அடைத்த பிறகு கசிவு நின்றது என்றாலும், நீரைத் தேக்கி வைப்பதற்கென்றே விற்கும் தொட்டியில் துளை எதற்கு என்ற கேள்விக்கு வாடிக்கையாளர் சேவையினரிடமிருந்து பதில் வரவில்லை. அளவும் போதாது. விட்டம் ஓர் அடிக்குச் சற்றே கூடுதலாக இருக்கும் இந்தத் தொட்டியில், கிண்ணத் தாமரை என்று சொல்லப்படும் குட்டை இரகங்கள்தாம் பூக்கும். மற்ற இரகங்களுக்கு ஒன்றரை முதல் இரண்டு அடி விட்டமும் ஓர் அடி உயரமும் வேண்டும். நான் அந்தத் தொட்டியை ஒரு வசம்புச் செடிக்குக் கொடுத்துவிட்டு, கட்டடப் பொருள் கடையில் கிடைக்கும் இரண்டடி விட்டத் தொட்டிக்குக் கிழங்கை மாற்றினேன்.

இங்கே ஓர் எச்சரிக்கையையும் சேர்க்க வேண்டும், எந்த விற்பனையாளரும் இதைச் சொல்வதில்லை. இரண்டடி விட்டமுள்ள தொட்டியில் ஆறு அங்குலம் ஈரக் களிமண்ணும் நான்கு அங்குலம் தண்ணீரும் நிற்கும்போது மொத்த எடை 100 கிலோவைத் தாண்டிவிடும். ஒரு தொட்டியோடு ஆசை அடங்குவதில்லை என்பதால், இரண்டாவது, மூன்றாவது தொட்டியை வைப்பதற்கு முன், தளத்தின் நடுப்பகுதியைத் தவிர்த்து, அடியில் சுவரோ உத்திரமோ வரும் இடமாகப் பார்த்து வைப்பது நல்லது. மர உத்திரங்களின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கட்டிய பழைய மெட்ராஸ் தளமாக இருந்தால் பொறியாளரைக் கேட்காமல் வைக்கவே வேண்டாம்.

வழிகாட்டித் தாளின் மிகப் பெரிய பிழை, தாமரையையும் அல்லியையும் ஒரே செடியாகக் கருதியதே. 'இலைகள் நீர்மட்டத்தில் மிதக்கும்; இலை மேலெழுந்தால் தண்ணீரை உயர்த்தவும்' என்று அதில் அச்சிட்டிருந்தது. அல்லிக்கு இது சரி. தாமரை அப்படி வளர்வதில்லை. வேர் சேற்றில், காம்பு நீரில், இலையும் பூவும் நீருக்கு மேல் காற்றில் என்று மூன்று இடங்களிலும் வாழும் செடி அது. நீரிலிருந்து மேலெழுந்து நிற்பதே அதன் முதிர்ந்த நிலை. நட்டவுடன் முதலில் வருவன உள்ளங்கையைவிடச் சிறிய, வட்டமான, நீரில் மிதக்கும் இலைகள். தொட்டித் தாமரை வளர்ப்பவர்கள் இவற்றைக் காயின் லீஃப் (நாணய இலை) என்கிறார்கள். இவை கிழங்கின் சேமிப்பைக் கொண்டு வருபவை. இவற்றை வைத்து வேர் பிடித்துவிட்டதாக முடிவு செய்யக் கூடாது. அதன் பின்னர்தான் சுருண்ட நிலையில், ஊசி போல நீரைக் கிழித்துக்கொண்டு, காற்றில் நிமிர்ந்து நிற்கும் இலைகள் வரும். முதல் நிற்கும் இலை விரிந்ததென்றால் செடி தன் காலில் நிற்கத் தொடங்கிவிட்டது என்று பொருள். அந்த நேரத்தில் தாளின் அறிவுரைப்படி தண்ணீரை உயர்த்தி இலையை மூழ்கடித்தால், செடி மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

இந்த இரண்டும் தோற்றத்தில்தான் நெருக்கம். தாவரவியலில் தாமரையும் அல்லியும் வெகு தொலைவில் இருக்கின்றன. மரபணு ஆய்வுகள் வந்த பிறகு, தாமரையின் நெருங்கிய உறவினர்களாகப் பிளேன் மரமும், ஆஸ்திரேலியாவின் பேங்க்சியா, மக்கடாமியா முதலியவை அடங்கிய குடும்பமும் வைக்கப்பட்டுள்ளன. அல்லி வேறொரு பழைய கிளையில் தனியே நிற்கிறது. தாமரைப் பேரினத்தில் இன்று இருப்பவை இரண்டே இனங்கள்: ஆசியாவிலும் வட ஆஸ்திரேலியாவிலும் வளரும் நெலும்போ நுசிஃபெரா, வட அமெரிக்காவின் மஞ்சள் நிற நெலும்போ லூட்டியா. வாங்குபவருக்கு இதனால் என்ன பயன் என்றால், படத்தைப் பார்த்தே ஏமாற்றைக் கண்டுகொள்ளலாம். இலையில் விளிம்பிலிருந்து காம்பு வரை ஒரு வெட்டு இருந்தால் அது அல்லி. வெட்டே இல்லாமல் முழு வட்டமாக, நடுவில் காம்பு பொருந்தியிருந்தால் அது தாமரை. தாமரைப் பூவில் வெள்ளை, இளஞ்சிவப்பு, சிவப்பு, மஞ்சள், இவற்றின் கலப்புகள் உண்டு; நீலம் கிடையாது. 'நீலத் தாமரைக் கிழங்கு' என்று எந்தப் பக்கத்தில் பார்த்தாலும், அங்கே விற்கப்படுவது அல்லி, அல்லது பொய்.

தாளின் இரண்டாவது பிழை வெளிச்சம் பற்றியது. 'பகுதி நிழலுள்ள பால்கனிக்கும் ஏற்றது' என்று எழுதியிருக்கிறார்கள். தாமரைக்கு நாளொன்றுக்குக் குறைந்தது ஆறு மணி நேரம் நேரடி வெயில் வேண்டும். எட்டு மணி நேரம் கிடைத்தால் மிகவும் நல்லது. வெயில் குறைந்த இடத்தில் செடி சாகாது, அதுதான் வாங்குபவரை ஏமாற்றும் விஷயம். இலைக்காம்பு மெலிந்து நீண்டு சாயும், இலை வந்துகொண்டே இருக்கும், மொட்டு மட்டும் வராது. அல்லது பட்டாணி அளவில் மொட்டு வந்து கறுத்து உதிரும். மதுரையின் மொட்டைமாடியில் வெயிலுக்குக் குறைவில்லை. இங்கே சிக்கல் நேர்மாறானது. சித்திரை, வைகாசியில் காலையில் நிரப்பிய தொட்டி மாலைக்குள் கண்ணுக்குத் தெரியும் அளவு வற்றுகிறது. கறுப்புத் தொட்டி வெயிலை இழுத்து நீரைச் சூடாக்குவதால், வெளிப்பக்கம் சாக்கையோ பழைய வெள்ளைத் துணியையோ சுற்றி வைப்பது தேவைப்படுகிறது. நட்டபோது சேற்றுக்கு மேல் இரண்டு அங்குலத் தண்ணீர் போதும். நிற்கும் இலைகள் வந்த பின் நான்கு முதல் ஆறு அங்குலம் வரை உயர்த்தலாம். குளத்தில் இதே செடி ஓராள் ஆழத்திலும் வளரும், ஆனால் தொட்டியில் ஆழத்தைக் கூட்டுவதால் ஒரு பயனும் இல்லை, எடைதான் ஏறும்.

ஆழ்துளைக் கிணற்று நீரைப் பற்றிப் பலரும் அஞ்சுகிறார்கள். எங்கள் வீட்டு நீர் உப்பு கூடியதுதான்; துளி காய்ந்த இடத்தில் இலையில் வெள்ளைத் தடம் விழுந்தது, அதற்கு மேல் தீங்கு எதையும் காணவில்லை. மழைநீர் கிடைக்கும்போது அதை நிரப்பிக்கொண்டால் செடிக்கு மகிழ்ச்சி.

இலையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் பூவுக்காக வாங்கியவர்களும் கடைசியில் இலையைப் பார்த்துக்கொண்டுதான் நிற்கிறார்கள். தாமரை இலைத் தண்ணீர் என்று நாம் சொல்லிப் பழகியது எப்படி நிகழ்கிறது என்பதை, ஜெர்மனியின் தாவரவியலாளர் வில்ஹெல்ம் பார்த்லாட்டும் கிறிஸ்டோஃப் நெய்ன்ஹுய்ஸும் 1997இல் விரிவாக எழுதினார்கள். இலைப் பரப்பு முழுவதும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய மேடுகளும், அவற்றின் மேல் மெழுகுக் குழல்களும் இருப்பதால், நீர்த்துளி மேடுகளின் உச்சியில் மட்டும் தொட்டு உருண்டையாக நிற்கிறது. உருளும்போது வழியில் கிடக்கும் தூசியையும் அள்ளிக்கொண்டு போகிறது. லோட்டஸ் எஃபெக்ட் என்று இன்று சுவர்ச் சாய விளம்பரங்கள் வரை வந்துவிட்ட பெயர் அந்த ஆய்வின் விளைவு. இதை அறிந்திருந்தால், வழிகாட்டித் தாளில் உள்ள 'பூச்சி வந்தால் வேப்பெண்ணெயும் சோப்புக் கரைசலும் தெளிக்கவும்' என்ற வரியை யாரும் எழுதியிருக்க மாட்டார்கள். எண்ணெயும் சோப்பும் முதலில் கெடுப்பது அந்த மெழுகுப் பரப்பைத்தான். நடுப்பகல் வெயிலில் அந்த இலை கருகித் திட்டுத்திட்டாகும். அசுவினிப் பூச்சி வந்தால் தண்ணீரைப் பீய்ச்சி அடித்துக் கழுவிவிடுவதே போதும். இலையைச் சல்லடையாக்கும் புழுக்களை, காலையில் இலையின் அடிப்பக்கத்தைப் புரட்டிப் பார்த்துக் கையால் எடுத்துவிடலாம்.

இலை நடுவில், காம்பு சேரும் இடத்தில், வெளிறிய சிறு வட்டம் ஒன்று உண்டு. வெயில் ஏறிய நேரத்தில் அந்தப் பள்ளத்தில் சிறிது தண்ணீர் ஊற்றிக் குனிந்து பார்த்தால், அதிலிருந்து குமிழிகள் விட்டு விட்டு எழுவதைக் காணலாம். இலைப்பரப்பில் சூரிய வெப்பத்தால் உண்டாகும் அழுத்தம், காற்றைக் காம்பின் உள்ளிருக்கும் நீண்ட துளைகள் வழியே சேற்றிலுள்ள தண்டு வரை தள்ளுகிறது. அங்கே சுற்றிய காற்று இந்த நடுவட்டம் வழியே வெளியேறுகிறது. காற்றே இல்லாத சேற்றில் இச்செடியின் வேரும் தண்டும் மூச்சுவிடுவது இந்த ஏற்பாட்டால்தான். காம்பை ஒடித்தால் உள்ளே தெரியும் துளைகளும், சமையலுக்கு வாங்கும் கிழங்கை வட்டமாக நறுக்கினால் தெரியும் துளைகளும் ஒரே வழியின் இரு பகுதிகள். எனவே பழுத்த இலையை அகற்றும்போது நீர்மட்டத்துக்குக் கீழே வெட்டக் கூடாது; வெட்டினால் அந்தக் குழாய் வழியே தண்ணீர் இறங்கித் தண்டு அழுகக்கூடும். நீருக்கு மேல் ஒரு சாண் விட்டு வெட்ட வேண்டும். தாளில் இது ஒரு வரியாகக்கூட இல்லை.

உர மாத்திரைகள் தரத்தில் மோசமில்லை, ஆனால் அவற்றை எப்போது, எங்கே வைப்பது என்பதில் தாள் தவறிவிட்டது. நடும்போதே நான்கு மாத்திரைகளைக் கிழங்கைச் சுற்றி வைக்கும்படி அது சொல்கிறது. வேர் இல்லாத கிழங்கின் பக்கத்தில் உரம் வைப்பது அதை வேகவைப்பதற்குச் சமம். நிற்கும் இலைகள் மூன்று, நான்கு வந்த பிறகு, தொட்டிச் சுவரை ஒட்டிய இடத்தில், செய்தித்தாள் துண்டில் மடித்து, விரல் நீளத்துக்குச் சேற்றுக்குள் அழுத்தி வைக்க வேண்டும். டிஏபி (டை-அமோனியம் பாஸ்பேட்) உரக் குருணையையும் இவ்வாறே பயன்படுத்தலாம். மேலோட்டமாகப் போட்டால் உரம் தண்ணீரில் கரைந்து பாசிக்குத்தான் உணவாகும். பச்சைக் குழம்பாகத் தண்ணீர் மாறிய தொட்டிகளின் படங்களைப் போட்டு மருந்து கேட்பவர்களில் பெரும்பாலோர் இப்படித்தான் உரமிட்டிருப்பார்கள். இலைகள் தொட்டியை மூடி நிழல் கட்டியதும் பாசி தானாகக் குறைந்துவிடும்.

கொசுவைப் பற்றி வீட்டில் எழும் எதிர்ப்பு நியாயமானது. நான்கைந்து கப்பி மீன்களை விட்டால் புழுக்கள் மிஞ்சாது. மீன் வாங்கும்போது நத்தையும் சேர்ந்து வராமல் பார்த்துக்கொள்ளுங்கள், இளம் மிதக்கும் இலைகளை அது விட்டுவைக்காது.

இனி பூ. மாசியில் நட்ட கிழங்கில் கோடைக்குள் மொட்டு வந்தது, அதற்கு நான் கிழங்கையும் வெயிலையும்தான் பாராட்டுவேன். ஒரு பூ மூன்று, நான்கு நாள் இருக்கும். முதல் நாள் விடியலில் பாதி விரிந்த கிண்ணமாக நின்று மணக்கும். அன்று நடுவிலுள்ள மஞ்சள் மேடையின் சூல்முடிகள் மட்டும் ஈரமாக, மகரந்தம் ஏற்கத் தயாராக இருக்கும், மகரந்தப் பைகள் இன்னும் வெடித்திருக்கா. நண்பகலுக்குள் கூம்பிவிடும். இரண்டாம் நாள் முழுவதுமாக விரிந்து மகரந்தத்தைக் கொட்டும். மாடிக்கு வரும் தேனீக்கள் எல்லாம் அன்று அங்கேதான். அதன் பின் நிறம் வெளிறி, இதழ்கள் ஒவ்வொன்றாக நீரில் விழும். இப்பூ தன் சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ளும் என்பதும் இச்செடியின் தனித்தன்மை. அடிலெய்டு தாவரவியல் பூங்காவில் நடந்த ஆய்வில், வெளிக்காற்று 10 டிகிரி செல்சியஸுக்கு இறங்கியபோதும் பூவின் உட்பகுதி 30 டிகிரிக்கு மேல் நின்றது என்பதை 1996இல் ரோஜர் சேமூரும் பால் ஷுல்ட்ஸே-மோட்டெலும் பதிவு செய்தார்கள். பூவுக்குள் வரும் வண்டுகளுக்கு அது கதகதப்பான இரவுத் தங்கல். மதுரையின் வைகாசியில் இந்த அருங்குணத்தைச் சோதிக்க வழியில்லை, வெளியே நிற்பவர்களே அதைவிடச் சூடாக இருப்போம்.

அட்டைப்படத்தில் இருந்த பூவும் மலர்ந்த பூவும் ஒன்றல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். படத்தில் அடுக்கடுக்காக இதழ்கள். வந்தது இருபது இதழ் அளவிலான ஒற்றையடுக்குப் பூ. எனக்கு இதில் வருத்தமில்லை, ஒற்றையடுக்குத் தாமரைதான் எளிதில் விரியும், காயும் கட்டும். ஆனால் இரகத்தின் பெயரைப் போட்டு விலையைக் கூட்டி விற்கும்போது, படத்திலுள்ளதைக் கொடுப்பது கடமை. அடுக்கு இரகங்களை விரும்பி வாங்குபவர்கள் ஒன்றைத் தெரிந்து வாங்க வேண்டும். 'ஆயிரம் இதழ்' என்று விற்கப்படும் சீன வகையில் மகரந்தத் தாள்களும் சூலகமும்கூட இதழ்களாக மாறியிருக்கும். எனவே அதில் நடுமேடையும் இராது, விதையும் இராது. மொட்டு பெரியதாகையால் வெயிலும் உரமும் போதாவிட்டால் பாதி விரிந்து நின்றுவிடும். முதல் முறையாக வளர்ப்பவர்களுக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். லக்னோவிலுள்ள தேசியத் தாவரவியல் ஆராய்ச்சி நிறுவனம் 2023இல் வெளியிட்ட 108 இதழ் இரகமும் இருக்கிறது. அந்தப் பெயரில் எது வந்தாலும், எங்கிருந்து கிழங்கு பெற்றார்கள் என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

இலவச விதைப் பொட்டலத்தில் ஐந்து விதைகள் இருந்தன. 'ஓர் இரவு ஊற வைத்தால் முளைக்கும்' என்ற குறிப்பு அதன் மேல். தாமரை விதையின் ஓடு நீரை உள்ளே விடாது, அதனால்தான் அது சேற்றில் நூற்றாண்டுகள் கிடக்கிறது. ஜப்பானின் சிபாவில் 1951இல் தாவரவியலாளர் இச்சிரோ ஓகா, ஏறத்தாழ 2000 ஆண்டுப் பழமையானவை என்று கணிக்கப்பட்ட விதைகளைக் கரிச்சேற்றுப் படிவிலிருந்து எடுத்து முளைக்கவைத்தார். அடுத்த ஆண்டு ஒன்று பூத்தது. அப்படிப்பட்ட ஓட்டை ஓர் இரவுத் தண்ணீர் என்ன செய்துவிடும்? ஒரு முனையை உப்புத்தாளில் தேய்த்து, உள்ளிருக்கும் வெண்மை தெரிந்தவுடன் நிறுத்தி, பிறகு தண்ணீரில் போட வேண்டும். சில நாளில் பச்சை முளை சுருண்டு வெளிவரும். ஆனால் விதையிலிருந்து வரும் செடி தாய்ச்செடியின் பூவையே கொடுக்கும் என்பதற்கு உறுதியில்லை, பூக்கவும் நெடுநாள் பிடிக்கும். குழந்தைகள் முளைப்பதைப் பார்க்க நல்லது, பூவுக்கு நம்ப வேண்டாம். பத்து நிறத் தாமரை விதைகள் என்று மலிவாக வரும் பொட்டலங்களுக்கும் இதே விடைதான்.

சேவையைப் பற்றி: பணம் செலுத்திய பின் கிழங்கு எப்போது அனுப்பப்படும் என்று தெளிவாகச் சொன்னார்கள், சொன்ன நாளில் வந்தது. தொட்டியின் துளை பற்றிய புகாருக்குப் பதில் இல்லை என்பதை முன்பே எழுதினேன். படமும் பூவும் மாறியதைச் சொன்னபோது, அடுத்த பருவத்தில் வேறு கிழங்கு அனுப்புவதாக ஒப்புக்கொண்டார்கள். பூ வந்த பிறகுதான் இரகம் தெரியும் என்ற நிலையில், இந்த வாக்குறுதியை எழுத்தில் வாங்கி வைப்பது அவசியம்.

வெயில் விழாத வீட்டில் இருப்பவர்கள் இந்தப் பெட்டியை வாங்க வேண்டாம். நீரில் கால் வைத்து மேலெழும் செடிதான் வேண்டுமென்றால், பகுதி வெயிலைப் பொறுத்துக்கொள்ளும் வசம்பும், தொட்டியில் அடக்கமாக நிற்கும் குடைக்கோரையும் இருக்கின்றன; இரண்டும் உள்ளூர் நாற்றங்கால்களில் மலிவாகக் கிடைக்கும். சம்பு என்ற உயரமான கோரை வகை மட்டும் வேண்டாம், அதன் விதை பஞ்சாகப் பறந்து அக்கம்பக்கத்து நீர்நிலைகளில் எல்லாம் குடியேறிவிடும்.

வெயில் உள்ளவர்கள் கிழங்கை மட்டும் தனியாகக் கேளுங்கள். கேட்டால் பெரும்பாலோர் கொடுக்கிறார்கள், விலையும் பெட்டியில் பாதிக்குக் கீழே வருகிறது. அனுப்புவதற்கு முன் நுனி முளை தெரியும்படி அந்தக் கிழங்கையே படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள், பூவின் படத்தை ஏற்க வேண்டாம். தை கடைசியிலோ மாசியிலோ வாங்குவது நல்லது: பனி குறைந்து வெயில் ஏறும் நேரம் அது, கிழங்கும் தூக்கத்திலிருந்து விழிக்கும் நிலையில் இருக்கும். திங்கட்கிழமை அனுப்பச் சொன்னால், ஞாயிற்றுக்கிழமை கூரியர் கிடங்கில் பொதி வெந்துகொண்டு கிடக்காது. வந்த அன்றே சேற்றைத் தயாராக வைத்திருக்க முடியாதவர்கள், கிழங்கை நிழலில் ஒரு பாத்திரத் தண்ணீரில் மூழ்கப் போட்டு, தண்ணீரைத் தினமும் மாற்றி, சில நாள் வரை தாராளமாகக் காத்திருக்கலாம்.